குழாய் மாமா

போன மார்ச் மாதம் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "குழாய் மாமா போயிட்டார், பிள்ளை" என்றார். நான் அப்போது ஒஸ்லோவில் வேலையில் இருந்தேன். அன்று பின்னேரமே ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மாமா இருந்திருக்கலாம். சொந்தக்காரர் இல்லை, தமிழரும் இல்லை. ஆனால் வீட்டில் எது உடைந்தாலும் முதலில் ஞாபகம் வருகிறவர்.

எங்கள் ஊர் நோர்வேயின் வட கோடியில், ஃபின்மார்க் கரையோரத்தில் இருக்கிறது. 1980களில் நாட்டை விட்டு வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு அங்கேதான் வேலை கிடைத்தது. மீன் தொழிற்சாலையில் கத்தியும் கையுமாக நிற்கிற வேலை. அப்பா 1987இல் வந்தார். நான் அங்கேயே பிறந்தேன்.

அங்கே நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் திரும்பவும் முகம் காட்டும். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, அப்படி ஓர் இருட்டு ஜனவரியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. தம்பி கைக்குழந்தை. இரவு பத்து மணி. அப்பாவுக்கு அப்போது நோர்வேஜிய மொழி அரைகுறை. தொலைபேசியில் "தண்ணீர் இல்லை, பேபி இருக்கு" என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். தாடி முழுக்கப் பனி.

என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, செய்வதை எல்லாம் விளக்கினார். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய ஒன்பது வீதம் பருக்கும், அதனால்தான் குழாய் வெடிக்கிறது. முதலில் பைப்பைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு பைப் இருக்கிற பக்கத்திலிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லச் சூடு காட்ட வேண்டும். நெருப்பு மட்டும் கூடவே கூடாது. என் கையில் தலைமயிர் உலர்த்தியைத் தந்து, "நீ பிடி" என்றார். தண்ணீர் 'புர்' என்று வந்தபோது நான்தான் அதைச் சரிசெய்தேன் என்று நினைத்தேன். அவரும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லித் திரிந்தார்.

அப்பா காசை நீட்டினார். அவர் வாங்கவில்லை. அம்மா றோல்ஸ் பொரித்துக் கொடுத்தா. அதில் ஆறைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் 'குழாய் மாமா'.

புதிதாக வந்த குடும்பங்கள், தனியாக இருக்கும் கிழவிகள், படகு வாங்கிக் கடனில் இருந்தவர்கள் என்று பலருக்கு அவர் பில் எழுதியதே இல்லை. "கோடையில் பார்ப்போம்" என்பார். கோடையில் அவரைப் பிடிக்க முடியாது. கராஜிலிருந்து அந்தப் பழைய பீ.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிள் வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி அது. குளிர் நாளில் நிறுத்திவிட்டு, அதில் கையைக் காய்ச்சுவார்.

ஐரோப்பாவின் எல்லா மூலையிலிருந்தும் கோடையில் மோட்டார் சைக்கிள்காரர் நோர்ட்காப் முனைக்குப் போவார்கள். வழியில் வண்டி பழுதாகி நிற்கிறவர்கள் மாமாவின் கராஜில்தான் படுப்பார்கள். அவர்களிடமும் பில் கிடையாது.

ஒருநாள் அவருடைய வண்டியையே பார்த்துக்கொண்டு நின்ற அப்பா, ஊரில் தனக்கும் ஒரு ஹொண்டா இருந்தது, அதை விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார். அடுத்த சனிக்கிழமை மாமா இன்னொரு ஹெல்மெட்டோடு வந்து, அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நோர்ட்காப் போனார். 1997ஆம் ஆண்டு அது. கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை திறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது, படகில் ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும். 307 மீட்டர் உயரப் பாறையில் நின்று, நடு இரவில் சூரியனைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, ஒரு கிழமைக்கு அதையே கதைத்தார். தொழிற்சாலைக்கு வெளியே அவர் பார்த்த முதல் நோர்வே அதுதான்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

எனக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு முடியப் போகிறது. மாமா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்: "இவளுக்கு நல்ல கை இருக்கிறது. இரண்டு வருடம் தொழிற்கல்வி படிக்கட்டும். பிறகு இரண்டு வருடம் என்னிடம் பழகட்டும். எனக்குப் பிறகு கடையைப் பார்க்க ஆள் இல்லை."

அப்பா சிரித்து மழுப்பினார். பிறகு தமிழில் அம்மாவிடம், "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த ஊத்தை வேலையோ? இதுக்கோ நான் மீன் வெட்டுறன்?" என்றார். மாமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. அவர் என்னைப் பார்த்து, "உனக்கு விருப்பமா?" என்று கேட்டார்.

எனக்கு விருப்பம்தான். ஆனால் பள்ளியில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். நிலத்தைப் பார்த்தபடி, "நான் படிக்க வேண்டும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பியைக் குடித்து முடித்தார். அதன் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தார், பைப் திருத்தினார், றோல்ஸ் சாப்பிட்டார். நான்தான் அவர் வந்தால் அறைக்குள் போய்விடுவேன். ஒஸ்லோ வந்த பிறகு ஊருக்குப் போனால்கூட அவரைப் போய்ப் பார்த்ததில்லை.

செத்தவீட்டன்று பாதை எல்லாம் பனி. மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. அவருடைய கூட்டாளிகள் காரில் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஹெல்மெட் இருந்தது. தேவாலயத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு எல்லோரும் மண்டபத்தில் கோப்பி குடித்தோம். அங்கே விருப்பமானவர்கள் எழுந்து, இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது இங்குள்ள வழக்கம். நான் எழும்பவில்லை. அப்பா எழும்பினார். அதே உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னார்:

"இவர் என் மகளுக்குத் தொழில் பழக்கக் கேட்டார். கை ஊத்தையாகும் என்று நான் மறுத்தேன். அன்றைக்கு என் கை மீன் மணத்துக்கொண்டிருந்தது. இவர் ஊத்தைக் கையால்தான் என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்."

நான் கேட்க வேண்டியதையும் சேர்த்துத்தான் அப்பா கேட்டார் என்று எனக்குப் பட்டது. ஆனால் கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

மாமாவின் கடை பூட்டிக் கிடக்கிறது. இப்போது குழாய் உறைந்தால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வர வேண்டும்.

என் அலுவலக வேலையில் எனக்குக் குறை இல்லை. படிக்காதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் உங்களில் யாராவது இப்போது பத்தாம் வகுப்பில் இருந்தால், மரவேலையோ மின்சார வேலையோ பைப் வேலையோ பிடித்திருந்தால், யாராவது "உனக்கு விருப்பமா?" என்று கேட்டால், நிலத்தைப் பார்க்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் சண்டை வந்தால் வரட்டும். தேவையென்றால் என் அப்பாவின் நம்பர் தருகிறேன், உங்கள் அப்பாவோடு அவர் கதைப்பார்.