பெயர் தெரியாதோர்

கம்பத்தைக் கடந்து, கூடலூர் வழியாக லோயர் கேம்ப் சென்றிருந்தோம். மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்று நீரே இப்பள்ளத்தாக்கின் உயிர். 1895-இல் அணையை முடித்த பென்னிகுக்கிற்கு அங்கே மணிமண்டபம் எழுந்துள்ளது. அவர் பிறந்த ஜனவரி 15-இல் மக்கள் பொங்கலிடுகின்றனர். அணைப்பணியில் காய்ச்சலுக்கு இரையான கூலியாட்களின் பெயர்களையோ நாம் அறியோம்.

அவ்வெண்ணம் நம்மைக் கடலுக்கு இட்டுச் சென்றது. பிழைப்புத் தேடி மதுரைச் சீமையினின்று மலாயா போனவர் பலர். அத்தகையோரைச் சென்னையிலும் நாகையிலும் ஏற்றிச் சென்ற கப்பல்களுள் ஒன்று, 1926-இல் கட்டப்பட்ட 'ரோனா'. முதியோர் நன்கறிந்த 'ரஜூலா'வுக்கு உடன்பிறப்பு அது. சரக்கும் பயணிகளும் சுமந்த அதனை, 1940-இல் போர்ப்பணிக்கென எடுத்துக்கொண்டனர்.

1943 நவம்பர் 26 மாலை, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், அமெரிக்க வீரர்களுடன் சென்ற அக்கப்பலை ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டு தாக்கியது. வானொலி அலையால் வழிநடத்தப்பட்ட புதுவகைக் குண்டு அது. கொந்தளித்த கடலில் இருள் சூழ்ந்தது. 'பயனியர்' என்னும் கப்பல் 606 பேரை மீட்டது. மாண்டோர் 1,100-க்கு மேல். அமெரிக்கர் மட்டும் 1,015. போர் இரகசியமென உண்மை நெடுங்காலம் மறைக்கப்பட்டது.

உடன் மாண்டோருள் நூற்றுக்கு மேற்பட்ட இந்தியக் கப்பல் ஊழியரும் இருந்தனர். போரில் கடலே கல்லறையான இந்திய மாலுமிகளுக்கென மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவேடுகள் உள்ளன. அவற்றைப் புரட்டுவோர் எத்தனை பேர்?

வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதனைக் கொணர்ந்த கைகளையும், கடல் கொண்ட கைகளையும் ஒருங்கே நினைந்து, சற்றே மௌனமாய் நின்று திரும்பினோம்.