வாசலுக்கு வந்த கீரை

கீரை கொல்லைக்கு உரியது. வாசலுக்கு உரியவை குரோட்டன்சும் ரோஜாவும். எங்கள் இல்லத்தில் நெடுங்காலம் நிலவிய எண்ணம் இது. வீட்டின் மூத்தவரான எங்கள் தாயார் இதில் மிக உறுதியாக இருந்தார். கஞ்சியும் கீரையுமாக இளமையைக் கழித்தவர் அவர். கீரையை வாசலில் வைப்பது வறுமையை ஊரறியச் செய்வதாகும் என்பது அவர் கருத்து.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னை, பலா, வாழைத் தோட்டங்களைச் சாய்த்துச் சென்றது. ஆலங்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் வாசலும் வெறுமையாயிற்று. தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். முளைக்கீரைக்கோ மூன்று, நான்கு வாரம் போதும். எனவே எஞ்சியிருந்த மண்தொட்டிகளில் செம்மண்ணையும் மக்கிய சாண எருவையும் கலந்து நிரப்பினோம். கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். நீரையும் பூவாளியால் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை ஓரிடத்தில் ஒதுங்கிவிடும்.

அழகையும் கருதியே தொட்டிகளை அடுக்கினோம். உயர்ந்து வளரும் செந்தண்டுக்கீரை பின்வரிசையில். அதன் முன்னே பச்சை அரைக்கீரை. ஓரங்களில் சிவப்புப் பொன்னாங்கண்ணி. திண்ணைத் தூணில் கொடிப்பசலையை ஏற்றினோம். பின் இரண்டுக்கும் விதை தேவையில்லை. தண்டை ஒடித்து நட்டாலே துளிர்க்கும்.

டிசம்பர் 2 அன்று திருவருகைக் காலம் தொடங்கியது. குடிலைச் சுற்றிப் பசும்புல்லாகத் தோன்றக் கேழ்வரகை முளைக்க வைப்பது நம் இல்லங்களில் உள்ள வழக்கம். விழா முடிந்ததும் அது மாட்டுக்குப் போய்விடும். அவ்வாண்டு கேழ்வரகுக்குப் பதிலாக, இரவு முழுதும் ஊறவைத்த வெந்தயத்தை அகன்ற தட்டுகளில் தூவினோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் அது விரல் உயரம் வளர்ந்து பாலன் இயேசுவைச் சுற்றித் தழைத்து நின்றது. கூரை இழந்த அண்டை வீட்டார் குடிலைக் காண வந்தனர். யாரும் சொல்லாமலே எங்கள் தாயார் எழுந்து, கீரையைப் பிடி பிடியாக அறுத்து நாரால் கட்டினார். “பாலன் காலடியில் விளைந்தது, யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது” என்றார். அதன்பின் கீரைத்தொட்டிகள் வாசலைவிட்டு அகலவில்லை.

கீரையின் இயல்பே கொடுத்துத் தழைப்பதுதான். நுனியைக் கிள்ளினால் இலைக்கக்கங்களிலுள்ள மொட்டுகள் கிளைக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கோ.3’ கிள்ளுக்கீரையை விதைத்த 20 நாளில் கிள்ளத் தொடங்கி, 90 நாள்களுக்குள் பத்து முறை வரை கிள்ளலாம். அழகுக்கென்று கிள்ளாமல் விட்டாலோ, அது நெடுத்துப் பூத்து விதை பிடித்து, உள்ள அழகையும் இழக்கும்.

வாசகர்களும் முயன்று பார்க்கலாம். இரு வாரத்திற்கு ஒருமுறை ஒரு தொட்டியில் விதைத்து வந்தால் வாசல் ஒருநாளும் வெறிச்சோடாது. வண்ணப்பூச்சு இருந்த டப்பாக்களைத் தவிருங்கள். பூச்சி கண்டால் நஞ்சு தெளிக்காமல் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளியுங்கள். கோடையில் தென்னங்கீற்று நிழலும் காலை மாலை நீரும் வேண்டும். கிள்ளும்போது அண்டை வீட்டிற்கென ஒரு பிடியைச் சேர்த்தே கிள்ளுங்கள். செடி அதைத் தாங்கும்.