எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் மூணு மாசமா பதிவு எதுவும் போடலை. இன்னொரு காரணம், ஆஸ்திரேலிய பி.ஆர். விசாவுக்கான மெடிக்கல். தங்கமணியோட அனுமதி வாங்கிட்டுதான் எழுதறேன் :-)

நம்ம குடும்ப டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தா போதும்னு நினைக்காதீங்க மக்களே. ஹெச்.ஏ.பி. ஐ.டி.ன்னு ஒரு எண் தருவாங்க. அதை எடுத்துக்கிட்டு அவங்க அங்கீகரிச்ச பேனல் டாக்டர்கிட்டதான் போகணும். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, போட்டோ எடுத்து, சிறுநீர், ரத்தம், 11 வயசு ஆனவங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே. ரிசல்ட் ஆன்லைன்ல நேரா அவங்களுக்கே போயிடும். செலவு மட்டும் நம்மளுது.

எங்களுக்குச் சிக்கல் வந்தது அதுக்கும் முன்னாடி, ஒரு கேள்வியில. எப்பவாவது டி.பி. இருந்ததா?

தங்கமணிக்கு காலேஜ் படிக்கும்போது இருந்தது. ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிட்டு குணமாயிட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டாங்க. எங்க வீட்ல வேற யாருக்கும் தெரியாது. மாமியார் போன்ல கெஞ்சினாங்க: "இல்லைன்னு போட்டுடுங்க மாப்பிள்ளை, யாருக்குத் தெரியப் போகுது?"

எக்ஸ்ரேக்குத் தெரியுமே! பொய் சொல்லி மாட்டினா மூணு வருஷத்துக்கு விசாவை மறந்துட வேண்டியதுதான். 'ஆமாம்'னு டிக் அடிச்சது தங்கமணி.

நுரையீரல் மேல்பகுதியில ஒரு தழும்பு இருந்தது. அடுத்தடுத்து மூணு நாள் காலையில சளி எடுத்துக் கொடுத்தோம். டி.பி. கிருமி ரொம்ப மெதுவா வளரும், அதனால கல்ச்சர் ரிசல்ட்டுக்கு எட்டு வாரம் வரை ஆகும். அந்த நாட்கள்ல ராத்திரி தங்கமணி ஒரு தடவை இருமினா போதும், எனக்கு அப்புறம் தூக்கம் வராது.

கடைசியில நெகட்டிவ். விசாவும் வந்தாச்சு. அங்க போய் இறங்கி 28 நாளுக்குள்ள தொடர்புகொண்டு, சொல்ற இடத்துல பரிசோதனை செஞ்சுக்கறேன்னு ஒரு உறுதிமொழி, அவ்ளோதான்.

அந்த நாட்டு விசா விதிகள்ல பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிற ஒரே வியாதி டி.பி.தான். அவங்களே இப்ப இருக்கான்னுதான் பார்க்கறாங்க, வந்து குணமானதுக்குக் கதவைச் சாத்தறதில்லை. நம்ம வீடுகள்ல குணமாகிப் பத்து வருஷம் ஆனாலும் அது ரகசியம்.

போன ஞாயித்துக்கிழமை எங்க அம்மாகிட்ட தங்கமணியே சொல்லிட்டாங்க. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, "உங்க பெரியம்மாவுக்கும் இருந்துச்சுடா. யாருகிட்டயும் சொன்னதில்லை"ன்னாங்க.

பி.கு: பழைய எக்ஸ்ரே, சிகிச்சை எடுத்த அட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடாதீங்க. பேனல் டாக்டர் முதல்ல கேட்டது அதைத்தான்.