குறுவாளும் கடலும்

திருகோணமலையின் உட்துறைமுகம் மாலை வேளைகளிற் கடலென்று சொல்ல இயலாத அமைதியுடையது. குன்றுகள் சூழ்ந்து நிற்க, நீர் பெருங்குளம்போல் அடங்கிக் கிடக்கும். சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருங் கப்பல்கள் அசைவின்றி நிற்கும். இந்த நீர்ப்பரப்பின் பொருட்டுப் பொருதியோர் பலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறி இதனைக் கைப்பற்றினர். 1957ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கடற்படை இங்கிருந்து நீங்கியது. ஆயின், உட்துறைமுக வீதியை அண்டிய ஒழுங்கையொன்றில் வளர்ந்த அச்சிறுவனுக்கு இவ்வரலாறு எதுவும் பொருட்டன்று. அவன் அறிந்த அரண்மனை ஒன்றே. அது பழைய கணனியொன்றின் திரைக்குள் இருந்தது.

இவ்வாண்டு பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு வந்தபோது, அலுமாரியின் அடித்தட்டிற் பழைய பாடக்குறிப்புகளுக்கிடையே ஓர் இறுவட்டு அவன் கைக்கு அகப்பட்டது. காகித உறையின் மேல் அண்ணனின் கையெழுத்து. ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ என்று எழுதி, அதன் கீழே ‘தொடாதே’ என்றும் எழுதி, இருமுறை கோடிட்டிருந்தான். அந்தக் கட்டளை யாருக்கென்று வீட்டில் அனைவருக்கும் தெரியும். அண்ணனுக்கும் அவனுக்கும் எட்டு வயது இடைவெளி. தொடாதே என்று எழுதியவனே நாள்தோறும் மாலையில், “வாடா, விளையாடுவம்” என்று அழைத்தவனுமாவான்.

அவ்விளையாட்டின் வரலாறு சுவையானது. அமெரிக்க இளைஞரான ஜோர்டன் மெக்னர் ‘பாரசீக இளவரசன்’ என்னும் விளையாட்டை 1989ஆம் ஆண்டு அப்பிள் கணனிக்கென வெளியிட்டார். மனிதன் ஓடுவதும் பாய்வதும் தொங்குவதும் திரையில் மெய்போலத் தோன்றவேண்டும் என்பது அவரது வேட்கை. அதற்காக அவர் தம் தம்பிக்கு வெள்ளுடை அணிவித்து, ஓடவும் பாயவும் செய்து, அதனை நிகழ்படமாகப் பிடித்து, ஒவ்வோர் அசைவையும் வரைந்தெடுத்தார். அந்த இளவரசனின் உடலசைவுகள் உண்மையில் ஒரு தம்பியின் உடலசைவுகளே. அவ்விளையாட்டில் அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்டாக வேண்டும். காலம் முன்னோக்கியே ஓடும், தவறியவன் தவறியவனே.

பதினான்கு ஆண்டுகளின் பின், 2003இல், யுபிசொவ்ற் நிறுவனத்தின் மொன்றியல் கலையகம் அக்கதையைப் புதிதாய்ப் படைத்தது. ‘காலத்தின் மணல்’ என்பது அதன் பெயர். மெக்னரே கதையை எழுதினார். இம்முறை இளவரசனின் இடையில் ஒரு குறுவாள். அதன் பிடிக்குள் மணல். விசையொன்றை அழுத்திப் பிடித்தால் சில விநாடிகள் பின்னோக்கி ஓடும். படுகுழியில் வீழ்ந்தவன் எழுந்து, காற்றில் மிதந்து, பாய்ந்த இடத்துக்கே மீளுவான். அவ்வாறு மீளும்போதெல்லாம் மணல் குறையும். மணல் தீர்ந்தபின் வீழ்ந்தால் மீட்சியில்லை.

திருகோணமலைக்கு இவ்விளையாட்டு வந்து சேர்ந்த வழி எளியது. போர் முடிந்த மறுவருடம், 2010இல், துறைமுகத்திற் பணியாற்றிய தந்தை அண்ணனின் உயர்தரக் கல்விக்கென்று பழைய கணனியொன்றை வாங்கி வந்தார். அண்ணன் முதலில் அதனுள் இட்டது பாடத்தையன்று. கடையொன்றிற் பிரதிபண்ணி வாங்கிய இந்த இறுவட்டையே. மாலையில் ஒரு மணித்தியாலம் என்று தாய் விதித்திருந்தாள். “காணும், கண் கெடும்” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தபின்னரும் கால் மணித்தியாலம் ஓடும். மின்சாரம் நின்றால் அன்றைய இளவரசனின் ஊழ் அவ்வளவே.

கதிரை ஒன்றுதான். அதன் பாதியில் அண்ணனும் பாதியில் அவனும் அமர்வர். ஓட்டமும் பாய்ச்சலும் வாள்வீச்சும் அண்ணனின் கைகளில். அவனுக்கு வழங்கப்பட்டது ஒரே விசை: காலத்தைப் பின்னோக்கும் விசை. அதன்மேல் விரலை வைத்துக் காத்திருப்பதே அவன் தொழில். இளவரசன் கால் தவறும் கணத்தில் அண்ணன், “பிடி!” என்பான். அவன் பிடிப்பான். சுவர்களில் ஓசை பின்னோக்கிச் சுழல, இளவரசன் உயிரோடு மேலெழுவான். “விடு!” என்றதும் விடுவான். முந்திப் பிடித்தால் மணல் வீண். பிந்திப் பிடித்தால் இளவரசன் இறந்தான். பத்து வயதுச் சிறுவனொருவனுக்கு அண்ணனின் உயிர் தன் சுட்டுவிரலின் நுனியில் இருப்பதாக எண்ணுவதைவிடப் பெரிய பெருமை வேறில்லை.

கதை முழுவதையும் இளவரசனே கூறுகின்றான். விளையாடுபவன் தவறி இறந்துவிட்டால், அப்படி நிகழவில்லையென்று தன் கூற்றைத் தானே திருத்திக்கொள்வான். தம்பிக்கு ஆங்கிலம் விளங்காது. அண்ணன் மொழிபெயர்ப்பான்: “கதையைப் பிழையாச் சொல்லிப்போட்டாராம். திரும்பச் சொல்லப்போறாராம்.” பிழையாகச் சொல்லப்பட்ட கதையை எவரும் திரும்பச் சொல்லலாம் என்று அவன் நெடுநாள் நம்பியிருந்தான்.

2012ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்து ஓரிரவில் அந்நம்பிக்கை சோதனைக்குள்ளாயிற்று. அண்ணன் உயர்தரப் பரீட்சையிற் பெற்ற புள்ளிகள் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. போர் ஓய்ந்து மூன்று ஆண்டுகளாகியும், இளைஞர் இரவில் வெளியே நின்றால் தாய்மாருக்கு உறக்கம் வருவதில்லை. அவ்வாண்டில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மீன்பிடிப் படகுகளில் அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டனர். படுக்கையில் அருகே சாய்ந்து அண்ணன் மெல்லச் சொன்னான்: “நான் ஓரிடத்துக்குப் போறன். விடியும் வரைக்கும் அம்மாட்டச் சொல்லாத.”

அண்ணன் சென்றபின் அவன் எழுந்தான். தாயின் அறை வாயில்வரை நடந்தான். உள்ளே தாய் இருமும் ஓசை கேட்டது. கதவைத் தட்டினால் தந்தை துவிச்சக்கர வண்டியில் விரைந்திருப்பார். படகு புறப்படுவதற்கு இன்னும் நேரமிருந்தது. அவன் தட்டவில்லை. திரும்பி வந்து படுத்தான். விடிந்ததும், தானும் அப்போதே அறிந்தவன்போல் மற்றவர்களோடு சேர்ந்து தேடினான். பொய்யுரைப்பதற்கு வாய்ச்சொல் தேவையில்லை என்பதை அன்று கற்றான். இருபத்துமூன்றாம் நாள் தொலைபேசியில் அண்ணனின் குரல் வந்தது. அதுவரை தாய் பத்திரகாளி அம்மன் கோவில் வாசலிலேயே பொழுதைக் கழித்தாள். அவள் உண்ணாதிருந்த ஒவ்வொரு வேளையும் அவன் கணக்கில் ஏறியது.

இவற்றையெல்லாம் அந்தக் காகித உறை நினைவூட்டிற்று. மடிக்கணனியில் இறுவட்டுச் செலுத்துமிடம் இல்லை. நண்பனிடம் இரவல் பெற்ற கருவியிலும் கீறல் விழுந்த அவ்வட்டு ஓடவில்லை. ஈற்றில் இணையத்தில் விலைகொடுத்து வாங்கினான். ஒரு காலத்தில் மாலை முழுதும் காத்திருந்து நிறுவிய விளையாட்டு, சில நிமிடங்களில் வந்திறங்கியது.

முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. நினைவில் வானளாவி நின்ற தூண்கள் திரையிற் கோணல்மாணலாகத் தோன்றின. முகங்கள் மெழுகுப் பொம்மைகளை ஒத்திருந்தன. ஆனால் விரல்கள் மறக்கவில்லை. சுவரில் ஓடி, எதிர்த்தூணைப் பற்றி, விளிம்பில் தொங்கும் ஒழுங்கை அவை தாமாகவே அறிந்திருந்தன. அண்ணன் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்தே அவை கற்றிருக்க வேண்டும். இடர் நேர்ந்தது வேறோரிடத்தில். இளவரசன் தவறி வீழ்ந்தபோதெல்லாம் அவன் விரல் வாளாவிருந்தது. ‘பிடி’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. எவரும் சொல்லவில்லை. இளவரசன் இறந்தான்.

சிறுவயதிற் புலப்படாத ஒன்று இப்போது புலப்பட்டது. இந்த இளவரசன் கதையின் தொடக்கத்தில் ஒரு படையெடுப்பாளன். தந்தையின் மெச்சுதலுக்காக இந்திய அரசனொருவனின் அரண்மனையிற் புகுந்து குறுவாளைக் கவர்கின்றான். வெற்றிப்பொருள்களோடு அவ்வரசனின் மகள் பராவும் சிறைகொண்டு செல்லப்படுகின்றாள். பின்னர் வஞ்சக அமைச்சனின் சொற்கேட்டு நாழிகைக் கண்ணாடியைத் திறந்து, உலகையே மணலாக்குபவனும் அவனே. தன்னைப் பெற்றவனே மணற்பூதமாகி எதிர்வர, அவனோடும் பொருதுகின்றான். கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களால் 1620களிற் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையின் வாயிலால், கயற்சின்னம் பொறித்த கல்லைக் கடந்து, வெள்ளிதோறும் கோவிலுக்குச் சென்றவர்கள் அச்சகோதரர் இருவரும். அரண்மனையைக் கொள்ளையிடுபவனையே வீரனென்று கொண்டாடினோமே என்ற எண்ணம் அவனுக்கு நகைப்பையும் நாணத்தையும் ஒருங்கே தந்தது. இடித்தவனுக்கு அது வீரக்கதை. இடிபட்ட வீட்டாருக்கு அது வேறு கதை. விட்டுச் சென்றவனுக்கும் விடப்பட்டவளுக்கும் அவ்வாறே இரு கதைகள் உண்டு.

ஐந்தாம் நாள் முடிவை அடைந்தான். பரா மாடத்திலிருந்து வீழ்ந்து இறக்கின்றாள்.  ஆகவே இளவரசன் நாழிகைக் கண்ணாடியிலேயே குறுவாளைச் செலுத்தி, காலம் முழுவதையும் படையெடுப்புக்கு முன்னான இரவுக்கு மீட்கின்றான். பரா உயிரோடிருக்கின்றாள், ஆனால் அவனை அறியாள். சேர்ந்து நடந்த வழியெல்லாம் அவளுக்கு நிகழாதனவாயின. இறுதியில் அவன் பெயரைக் கேட்கும்போது, அவள் வேறெவர்க்கும் உரைத்திராத இளமைக்கால இரகசியச் சொல்லையே தன் பெயராகக் கூறிச் செல்கின்றான். காலத்தை மீட்டவனிடம் நினைவு மட்டும் எஞ்சுகின்றது. அதனைப் பகிர்ந்துகொள்ள ஒருவருமில்லை.

அன்றிரவு அவன் உறங்கவில்லை. கதவைத் தட்டியிருந்தால் என்ற வினா பல்லாண்டாக அவனோடு வாழ்வது. தட்டியிருந்தால் அண்ணன் வீட்டில் இருந்திருப்பான். ஆனால் எந்த அண்ணன்? வீட்டின் ஓடும், தந்தையின் வைத்தியமும், தம்பியின் பல்கலைக்கழகச் செலவும் அங்கிருந்து வந்த பணத்தாலானவை. மறுபுறம், 2014ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு கொண்டுவந்த விரைவு விசாரணை முறையில் அண்ணனின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு நிரந்தர வதிவுக்கு வழி திறந்தபோதும் அது அவனுக்குத் திறக்கவில்லை. தந்தையின் இறுதிச் சடங்கினை அவன் தொலைபேசித் திரையிலேயே கண்டான். இவற்றில் எதனை வைத்துக்கொண்டு எதனை மீட்பது? ஒரு விநாடியை மட்டும் தனியே பிடித்திழுக்க வல்ல விசை எவரிடமும் இல்லை.

மறுநாட் காலை, அடுக்களை வாயிலிற் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்த தாயின் அருகே அமர்ந்து, அவ்விரவைச் சொன்னான். அண்ணன் சொன்னதையும், தான் கதவுவரை வந்ததையும், இருமல் கேட்டதையும் சொன்னான். தாயின் கை நிற்கவில்லை. மீன் முடிந்தபின், சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “சொல்லியிருந்தா மறிச்சிருப்பன்.” சிறிது நேரங்கழித்து, “மறிச்சிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு எனக்கும் தெரியாது” என்றாள். பின்னர் அவன் முகத்தைப் பார்த்து, “பதினொரு வயசுப் பிள்ளையிட்ட அதைச் சொல்லிப்போட்டுப் போனானே அவன்” என்று கூறிக் கண்ணைத் துடைத்தாள். அவன் இத்தனை ஆண்டு தன் கணக்கில் எழுதியதைத் தாய் வேறொருவர் கணக்கில் எழுதினாள்; அங்கும் அது கோபமாக நிற்கவில்லை.

அன்று மாலை அண்ணன் தொலைபேசியில் வந்தான். தம்பி மடிக்கணனியின் திரையை அவனுக்குக் காட்டினான். மறுமுனையிற் சற்று நேரம் ஓசையில்லை. “எந்த இடத்தில நிக்கிறாய்?” என்பதே முதல் வினா. தாயும் கதிரையை இழுத்து அருகே அமர்ந்தாள். “உவன் ஏன் உப்பிடிப் பாயிறான், படியால இறங்கினா என்ன?” என்றாள். மூவரும் நகைத்தனர்.

இளவரசன் சுவரில் ஓடினான், கால் தவறினான். தம்பியின் விரல் தாமதியாது விசையை அழுத்திற்று. இளவரசன் மேலெழுந்து விளிம்பில் நின்ற பின்னரே, கடல் கடந்து சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது அண்ணனின் குரல்: “பிடி!”

“பிடிச்சிட்டன் அண்ணா” என்றான் அவன்.