நாள்பட்ட சரக்கு

'ஒயின்ஷாப்' என்கிறோமே, அங்கே போய் ஒயின் கேட்கிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் ஜனங்கள் வாயில் அதே பெயர்தான். கேட்பது என்னவோ, ஒரு குவார்ட்டர். எந்த ஊர்ச் சரக்கு, எந்த வருஷத்தது என்றெல்லாம் யாருக்கும் அக்கறையில்லை. ஏறுமா, அவ்வளவுதான்.

ஒயினில் வருஷம்தான் முதல் கேள்வி. புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பர் ஒருவர், திருவண்ணாமலையிலிருந்து போயிருந்த எனக்கு மூன்று பழைய பாட்டில்களைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டே ஸ்பூன். "குடிச்சிடாதீங்க சார். மொதல்ல மோந்து பாருங்க" என்றார்.

வெள்ளை ஒயின் வெள்ளையாக இல்லை, நல்லெண்ணெய் நிறம். தேனும் வறுத்த பாதாமும் மணந்தன. சிவப்பு, செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. பேரீச்சம்பழம், மழை பெய்த மண், லேசாகப் பழைய தோல்செருப்பு! மூன்றாவது, மதேரா. கருகின வெல்லப்பாகு, ஆரஞ்சுத் தோல், கடைசியில் சுரீரென்று ஒரு புளிப்பு.

வயதானால் வெள்ளை கறுக்கும், சிவப்பு வெளுக்கும். இளசில் நாக்கைப் பிடிக்கிற டானின் என்கிற துவர்ப்பு, வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, நிறத்தையும் இழுத்துக்கொண்டு கசடாக அடியில் இறங்கிவிடுகிறது. மதேராவின் கதை வேறு. அது போர்ச்சுக்கீசியத் தீவு. ஒயின் கெடாமலிருக்கத் திராட்சைச் சாராயம் சேர்த்து, பீப்பாய்களை இந்தியா வரைக்கும் கப்பலேற்றினார்கள். வழி வெக்கையில் வெந்து ருசி கூடியது தெரிந்ததும், ருசிக்காகவே ஒரு சுற்று அனுப்பி வைத்தார்கள். இன்று பல மதேராக்களைத் தொட்டியில் 45 டிகிரிக்கு மேல் மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். எங்கள் அக்னி ஸ்தலத்துச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம்தான் தெரியும். வயதாக ஆக மதிப்பு ஏறுகிற சரக்கு எனக்கு ஆச்சரியம். ஆனால் எல்லா ஒயினும் அப்படியில்லை. பெரும்பாலானவற்றைச் சில வருஷங்களுக்குள் குடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாழ்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட மதுவுக்கு 'நாட்படு தேறல்' என்று புறநானூற்றில் ஔவையார் பெயரே சொல்கிறார். அதன் உறைப்புக்கு அவர் காட்டும் உவமை, தேள் கொட்டின கடுப்பு.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது செங்கம். நன்னன் ஆண்ட ஊர். அவனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டுதான் 583 அடி 'மலைபடுகடாம்'. வழியில் மலைக்குடியினர் மூங்கில் குழாயில் விளைந்த தேன் மதுவைத் தருவார்கள் என்கிறார் புலவர். அடுத்து வருவதுதான் விசேஷம். மறுநாள் விடியலில் மிச்சமிருக்கும் மயக்கம் தெளிய, இறைச்சியும் புளியும் மோரும் சேர்த்த குழம்போடு மூங்கில் அரிசிச் சோறும் அவர்களே ஆக்கிப் போடுவார்களாம்.

ஒயினைத் தூக்கிப் பிடிப்பதாக எண்ண வேண்டாம். ஒயினானாலும் பிராந்தியானாலும் உள்ளே இருப்பது ஆல்கஹால்தான். கல்லீரல் வருஷம் பார்க்காது. எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்த்த தம்பி, கடை வாசலில் நின்றபடி 42.8 சதவீதச் சரக்கை ரெண்டே மடக்கில் முடிப்பார். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டால், "ருசி பாத்தா உள்ளயே எறங்காது சார்" என்பார். முப்பத்தெட்டு வயதில் போய்விட்டார்.

மலைக்காரர் ஊற்றிக் கொடுத்ததோடு நிற்கவில்லை, விருந்தாளியின் மறுநாள் காலையையும் யோசித்து உலை வைத்தார். இந்தத் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் யாரும் அந்தக் காலையை யோசிக்கவில்லை. தினமும் விடியலில் எழுந்து அவருக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தது அவர் மனைவி மட்டும்தான்.