பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

எங்கள் ஊராகிய இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவே உண்டு. எனினும், என் இளமையில் கோடை நண்பகலில் அச்சிறு வழியைக் கடக்க ஒரு மணி நேரம் ஆன நாள்களும் உண்டு. என் தந்தையாரின் அம்பாசிடர் வண்டி நடுவழியில் இருமுறை செருமிவிட்டு நின்றுவிடும். தந்தையார் சினங்கொள்ளமாட்டார். முன்மூடியைத் திறந்து, எஞ்சினின் பக்கத்தில் உள்ள பெட்ரோல் பம்பின்மீது ஒரு துணியைச் சுற்றுவார். நான் செம்பிலுள்ள நீரை அதன்மேல் ஊற்றுவேன். சிறிது நேரத்தில் வண்டி மீண்டும் புறப்படும். அதனை ஒரு மந்திரம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அது மந்திரம் அன்று, இயற்பியலே என்பதைப் பின்னர் அறிந்தேன். பட்டறைக்காரர்கள் 'ஏசி பம்பு' என்று வழங்கும் அப்பம்பு, எஞ்சினின் சுழற்சியால் இயங்குவது. அது வண்டியின் பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இழுக்குங்கால் குழாயினுள் அழுத்தம் குறையும். மலையுச்சியில் நீர் விரைவில் கொதிப்பதுபோல, அழுத்தம் குறைந்த பெட்ரோலும் எஞ்சினின் வெப்பத்தால் எளிதில் ஆவியாகிவிடும். நீர்மத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பினால் ஆவியைத் தள்ள இயலாது. ஈரத் துணியின் நீர் உலரும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் பம்பு குளிர்ந்து, வண்டி உயிர்பெறும். இத்தொல்லை அக்காலத்து வண்டிகள் பலவற்றிற்கும் பொதுவானதே.

தந்தையார் மறைந்த பின்பும் அவ்வண்டியை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. 2014ஆம் ஆண்டில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. எங்கள் வண்டியின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினோ தேய்ந்து புகையத் தொடங்கியது. பிற்காலத்து அம்பாசிடர் ஒன்றின் 1.8 லிட்டர் இசுசு வகை எஞ்சின், அதன் கட்டுப்பாட்டுக் கணினியுடன் கிடைத்தது. எஞ்சினை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதனையும் முறைப்படி பெற்றேன். ஆடிப்பூரத்தன்று அன்னையாரை அவ்வண்டியிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைக் காண அழைத்துச் செல்வதாக வாக்களித்தேன்.

பட்டறை அண்ணாச்சி எஞ்சினை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, எஞ்சின் ஆயத்தமாக உள்ளது. அதற்கு உணவூட்டுவது எப்படி?" என்றார்.

அவ்வினாவின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பழைய எஞ்சினில் இருந்தது கார்புரேட்டர். அதற்கு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அழுத்தம் போதும். மிகுதியாகத் தந்தால் உள்ளிருக்கும் மிதவை ஊசி தாங்காது, பெட்ரோல் வழிந்துவிடும். புதியதோ பெட்ரோலை நுண்துளிகளாகப் பீச்சும் வகை. அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு வேண்டும். ஆகவே, பழைய பம்பு பயன்படாது. மின்சாரப் பம்பே வேண்டும்.

அதனைத் தொட்டிக்கு வெளியே வண்டியின் அடியில் பொருத்தலாம். செலவு குறைவு, ஒரே நாளில் முடியும். ஆனால், அத்தகைய பம்பு தள்ளுவதில் வல்லது, இழுப்பதில் மெலிந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்க வண்டி வளைவில் திரும்பினால், குழாயில் காற்றுப் புகும், எஞ்சின் தடுமாறும். தொட்டிக்குள்ளேயே பொருத்தினால் பம்பு பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ச்சியுடன் இருக்கும். அருகில் உள்ளதை எடுத்து அழுத்தத்துடன் தள்ளுவதால், வழியில் ஆவியாகும் தொல்லையும் பெரிதும் நீங்கும். அண்ணாச்சி இதனையே விரும்பினார்.

ஆயின், தொட்டியின் மேற்புறத்தில் துளையிட வேண்டுமே! ஆடிப்பூரத்திற்கு நான்கு நாள்களே இருந்தன. "தொட்டியில்தான் ஒரு துளி பெட்ரோலும் இல்லையே! இன்றே வெல்டிங் பட்டறைக்கு அனுப்பி வெட்டிவிடலாம்" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் மாறியது. "நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டிக்கே நான் மிகுதியாக அஞ்சுவேன், தம்பி. அதனுள் ஆவி இருக்கும். ஒரு பொறி போதும், வெட்டுகிறவன் வீடு திரும்பமாட்டான்" என்றார். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே அது தீப்பற்றி வெடிக்கக்கூடும் என்பதை நூல்களில் படித்தவன்தான் நான். ஆயினும், அவசரம் அவ்வறிவை மறைத்துவிட்டது. பெயரும் அறியாத ஒரு தொழிலாளியின் உயிரை நான்கு நாள்களுக்கு ஈடாக வைக்க இருந்தேனே என்று நாணினேன்.

நெருப்பையே அணுகவிடாமல், புதுத் தகட்டால் வேறொரு தொட்டி செய்வதென முடிவாயிற்று. மிகையான பெட்ரோல் தொட்டிக்குத் திரும்ப ஒரு தனிக்குழாய் அமைத்தார் அண்ணாச்சி. மெல்லிய பழைய குழாய்களை அகற்றி, உயர் அழுத்தம் தாங்குபவற்றை இட்டார். பழைய பம்பு எஞ்சின் நின்றால் தானும் நிற்கும்; மின்சாரப் பம்போ விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். எனவே, எஞ்சின் சுழலாவிடில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே ஒன்றையும் இணைத்தார்.

தேர்த் திருநாள் கடந்துவிட்டது. என் அன்னையார் முகம் வாடாமல், "வண்டி பிறகு வரட்டும், அப்பா" என்று கூறிப் பேருந்தில் சென்று தேரைக் கண்டு வந்தார்.

பொன்னுருகக் காயும் புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை நண்பகலில் நாங்கள் புறப்பட்டோம். வண்டி எங்கும் நிற்கவில்லை. ஆண்டாள் கோயிலின் கோபுரம் கண்ணில் பட்டதும், அன்னையார் தம் பையிலிருந்து ஒரு பழந்துணியையும் செம்பு நீரையும் எடுத்துக் காட்டிச் சிரித்தார். "உன் அப்பா இருந்தால் நம்பியிருக்கமாட்டார்" என்றார்.

எஞ்சினை மாற்றுதல் ஒரு பொருளை மட்டும் மாற்றுதல் ஆகாது. தொட்டியும், பம்பும், குழாயும் அதற்கு இயைந்தனவாதல் வேண்டும். அவ்வாறு அமைப்பதற்கு ஆகும் காலத்தை வீண் என்று கருதலாகாது. அதனை எனக்கு உணர்த்தியவர் அண்ணாச்சியே ஆவார்.