காலைப் பிடித்திழுக்கும் வீராம்பட்டினம் மணல்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சென்று, அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்குப் பெயர்பெற்ற மீனவர் ஊர். வடக்கே ஆரோவில்லில் பிப்ரவரியில் நடக்கும் மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு, இந்தக் கடற்கரை கண்டிப்பான வாத்தியார்.

உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். முதல் கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் கெஞ்சும். சரி, அலை நனைத்த கெட்டி மணலில் ஓடலாம் என்றால், கரையின் சரிவு ஒரு பக்க முழங்காலைப் பதம் பார்க்கும். போன வழியே திரும்பி ஓடினால் பாரம் கால் மாறும். ஈரக்காற்றில் வியர்வை உலராது. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

ஆரோவில் ஓட்டத்தில் பரிசு கிடையாது. 42.195 கிலோமீட்டரை ஓடி முடிப்பதே வெற்றி. அதற்கான பொறுமையைத்தான் இந்த மணல் கற்றுத்தருகிறது.